மறு: சப்ஜெக்டிவ் வெல்-பீயிங், தமிழில் என்ன?

நண்பர்களே,

'சப்ஜெக்டிவ் வெல்-பீயிங்' (subjective well-being) என்ற உளவியல் சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தோமே, அதற்கு இங்கே ஒருவர் எழுதியது:

> "அகநிலை நல்வாழ்வு" என்றே வைத்துவிடலாமே, எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்.

எழுதுகிறார்கள், ஆனால் யாருக்குப் புரிகிறது ஐயா? நல்வாழ்வு என்றதும் எனக்கு மக்கள் நல்வாழ்வுத் துறையும் தடுப்பூசி முகாமும்தான் ஞாபகம் வருகின்றன. 'அகநிலை' அதைவிட மோசம், ஏதோ தியானத்தில் வாய்க்கிற நிலை போல இருக்கிறது. உளவியலாளர் எட் டீனர் 1984இல் எழுதிய கட்டுரையில் 'சப்ஜெக்டிவ்' என்ற அடைமொழிக்கு வேலை ஒன்றுதான்: நீ நன்றாக இருக்கிறாயா என்பதை மருத்துவரோ பொருளாதார நிபுணரோ சொல்ல வேண்டாம், நீயே சொல்.

அவரும் கூட்டாளிகளும் 1985இல் வெளியிட்ட ஐந்து வாக்கிய அளவுகோலை (ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடலாம், கொஞ்சமும் ஒப்பவில்லை என்றால் 1, முழுக்க ஒப்பினால் 7) தமிழாக்கி அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். காலையிலிருந்து முட்டிவலியில் முனகிக்கொண்டிருந்தவர், வாழ்க்கை திருப்திதான் என்று 6 போட்டார். கடைசி வாக்கியம், மறுபடி வாழக் கிடைத்தாலும் அநேகமாக எதையும் மாற்ற மாட்டேன் என்பது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்த வீட்டை வித்திருக்கக் கூடாதுடா" என்று 2 போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

முனகல் ஒரு கணக்கு, அந்த 6 வேறு கணக்கு. டீனரும் அவற்றைப் பிரித்துத்தான் வைக்கிறார்: நின்று யோசித்துச் சொல்கிற வாழ்க்கை நிறைவு, அன்றாடம் வந்துபோகிற இனிய உணர்வுகள், இனிமையற்ற உணர்வுகள். பின்னவை இரண்டும் தராசுத் தட்டுகள் அல்ல, ஒன்று இறங்கினால் மற்றது ஏறியே தீரும் என்றில்லை. மொத்தத்தையும் 'மகிழ்ச்சி' என்று கட்டிவிட்டால் அம்மாவின் 6 எங்கே போகும்?

முதலில் 'தன்னுணர் நலம்' என்று எழுதி நானே அடித்துவிட்டேன். தன்னுணர்வு என்று வேறொன்று இருக்கிறது, தவிர அந்த 6 உணர்வே இல்லை, கணிப்பு. ஆகவே 'தன்கணிப்பு நலம்'. லேசாக ஜோசிய வாசனை அடிக்கிறது, தெரிகிறது, பொறுத்துக்கொள்ளலாம். உட்பிரிவுகளுக்கு வாழ்க்கை நிறைவு, இன்னுணர்வு, இன்னாவுணர்வு. நேர்மறை, எதிர்மறை வேண்டாமே, கோபம் என்ன கழித்தல் குறியா? 'இன்னா' குறள் படித்த எவருக்கும் தெரிந்த சொல்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. உளவியலாளர் கரோல் ரிஃப் 1989இல் 'சைக்கலாஜிக்கல் வெல்-பீயிங்' (psychological well-being) என்று சொன்னதன் ஆறு கூறுகள், அதாவது தன்னை ஏற்றுக்கொள்வது, நல்லுறவு, சுயமாக முடிவெடுப்பது, சூழலைச் சமாளிப்பது, வாழ்வில் ஒரு நோக்கம், வளர்ச்சி, அரிஸ்டாட்டிலின் யூடைமோனியா, அதாவது வெறும் இன்பமல்ல, தன் ஆற்றல் மலர வாழ்வதே நல்வாழ்க்கை என்ற கருத்தின் வழியில் வந்தவை. இவற்றைத் தன்கணிப்பு நலத்துக்குள் திணிக்க முடியாது. ரிஃபின் சொல்லுக்கு 'உளநலம்' என்று வைக்கலாமென்றால் அது ஏற்கெனவே மனநல மருத்துவத்திடம் போய்விட்டது. 'உளச்செழுமை' எப்படி இருக்கிறது?