இடது சிலிண்டர் ஐடலில் எரியவில்லை: ஹோண்டா சிபி350

வணக்கம் அண்ணன்மார்களே. அப்பாவின் மோட்டார், ஹோண்டா சிபி350, 1972 மாடல், இரண்டு கெய்ஹின் கார்புரேட்டர். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்வாசலில் 11 வருடம் சும்மா நின்றது. இரண்டு மாதமாக அதோடுதான் போராடிக்கொண்டிருக்கிறேன்.

ஐடலில் (ஆக்சிலரேட்டரை முறுக்காமல் எஞ்சின் ஓடும்போது) வலது பக்கம் மட்டுமே ஓடுகிறது. இடது சைலன்சர் குழாயில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகாமல் அப்படியே வழிந்துவிடும். 3000 ஆர்பிஎம் தாண்டினால் இரண்டும் சேர்ந்து அருமையாக இழுக்கிறது.

கார்புரேட்டரைத் திறந்தபோது இடது மிதவைக் கிண்ணத்தில் பச்சையாகப் பொருக்கு, பழைய வார்னிஷ் வாடை. கிளீனரில் ஒரு நாள் ஊறவைத்து, எல்லா ஓட்டையிலும் காற்றடித்தேன். பைலட் ஜெட்டை (ஐடலுக்குப் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பாகம்) ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்திவிட்டேன். வெளிச்சத்தில் பார்த்தால் ஓட்டை தெரிகிறது. ரிப்பேர் கிட்டில் வந்த ஜெட்டின் ஓட்டை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்ததால் பழையதையே மாட்டினேன். மிதவை ஊசி, கேஸ்கெட், ஓ-ரிங் புதுசு. டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழியவில்லை. பிளக்கை இடம் மாற்றிப் பார்த்தாயிற்று, தீப்பொறி நன்றாக இருக்கிறது, கம்ப்ரஷனும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரப்பர் இணைப்பில் காற்றுக் கசிவு இல்லை.

அப்புறம் ஒன்று, இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: இடது ஐடல் மிக்ஸ்சர் ஸ்குருவை (ஐடலில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) எவ்வளவு திருப்பினாலும் ஓட்டத்தில் மாற்றமே இல்லை. வலது பக்கம் கால் சுற்றுக்கே சத்தம் மாறுகிறது. பைலட் ஜெட்டைத் தாண்டி கார்புரேட்டர் உடம்புக்குள் போகும் நுண்ணிய வழி அடைத்திருக்க வேண்டும்.

துரப்பணம் போட்டுக் கெடுக்காமல் அந்த வழியைத் திறப்பது எப்படி?