லைக் குவிகிறது, ஆர்டர் வரவில்லை: எங்கே கோளாறு?

மடிதாள்:
கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள் செய்து விற்கிறேன். துணி அட்டை, நூல் தையல், எல்லாம் நான் ஒருவனே. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் என நான்கிலும் தினமும் ஏதாவது போடுகிறேன். ‘அருமை’, ‘அழகு’ என்று கமென்ட் வருகிறது, வாங்கத்தான் ஆளில்லை. பணம் கட்டி ஒரு பதிவை பூஸ்ட் செய்தேன். லைக் எகிறியதோடு சரி. விளம்பரத்துக்கு இன்னும் செலவழிக்க வேண்டுமா? பக்கத்தின் லிங்க் என் ப்ரொஃபைலில் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

தோல்பை:
பணத்தைக் கொஞ்ச நாள் பத்திரமாக வைத்திருங்கள். நான் தோல்பை தைத்து விற்பவன். உங்கள் பக்கத்தை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜன்னல் வெளிச்சம், ஓரத்தில் காய்ந்த பூ, நடுவில் மூடிய நோட்டு. படம் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நோட்டு வாங்க வந்தவர் பூவையா பார்ப்பார்? விரித்தால் மேசையில் தட்டையாகக் கிடக்குமா, மைப்பேனாவில் எழுதினால் மறுபக்கம் ஊறுமா, எத்தனை பக்கம், கோடு போட்டதா வெற்றுத்தாளா, என்ன விலை? ஒன்றுக்கும் அங்கே பதில் இல்லை. விலை கேட்டவருக்கு ‘இன்பாக்ஸுக்கு வாருங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பதிலைக் கண்டாலே ஆகாது. வாய்விட்டுக் கேட்டவர் ஒருவர் என்றால், கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்தவர்கள் எத்தனை பேரோ! விலையைப் படத்தின் கீழேயே போடுங்கள்.

அடுத்த ரீலுக்கு ஒரு யோசனை. மைப்பேனாவால் ஒரு பக்கம் முழுக்க எழுதுங்கள். கடைசியில் அழுத்தி ஒரு கோடு இழுத்து, தாளை மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். முகம் தெரிய வேண்டாம், கை போதும். பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், அதனால் சொல்ல வேண்டியதைத் திரையிலேயே எழுத்தாகப் போட்டுவிடுங்கள். செல்போனைச் செங்குத்தாகப் பிடிக்க மறக்காதீர்கள்.

பூஸ்ட் செய்யும்போது உங்கள் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி வரும். லைக்கும் கமென்ட்டும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், கண்டதற்கெல்லாம் லைக் போடுகிறவர்களைத்தான் தேடிப் பிடித்து வந்து நிறுத்தும். செய்தி அனுப்பக்கூடியவர்கள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், வேறு ஆட்கள் வருவார்கள். ஆனால் விலையே இல்லாத பக்கத்துக்கு யாரைக் கூட்டி வந்து என்ன பயன்? முதலில் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

நான்கு தளங்கள் ஓர் ஆளுக்கு அதிகம். இன்ஸ்டாகிராம் ஒன்றை ஒழுங்காகச் செய்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:
அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். யூடியூபை விடாதீர்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ரீலும் சில நாட்களில் அடங்கிவிடும். ‘மைப்பேனாவுக்கு ஏற்ற தாள் எது’ என்று தேடுகிறவர் கண்ணில் யூடியூப் வீடியோ வருடக்கணக்கில் பட்டுக்கொண்டிருக்கும். தினமும் வேண்டாம், நல்லதாக எப்போதாவது ஒன்று போதும். தலைப்பு மட்டும், தேடுகிறவர் தட்டெழுதும் சொற்களிலேயே இருக்கட்டும்.

ஆர்டரைப் பேசி முடிக்க வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் ஒவ்வொரு நோட்டையும் படம், விலையோடு ஏற்றலாம். ‘பணம் வந்தது’, ‘அனுப்பியாயிற்று’ என்று உரையாடல்களுக்கு லேபிள் ஒட்டலாம். அதன் லிங்க்கை இன்ஸ்டாகிராமில் பயோவில், அதாவது ப்ரொஃபைலின் அறிமுகப் பகுதியில், வையுங்கள், பதிவின் கீழே எழுதினால் தட்டித் திறக்க முடியாது. இன்னொன்று: வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். வாங்கியவரிடம் எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

மடிதாள்:
இருவருக்கும் நன்றி. மைப்பேனா வீடியோவை இந்த வாரமே எடுக்கிறேன். விலையை வெளிப்படையாகப் போட்டால் போட்டிக்காரர்கள் பார்த்துக் குறைத்து விற்க மாட்டார்களா? அதுதான் தயக்கம்.

தோல்பை:
போட்டிக்காரருக்கு விலை தெரிய வேண்டுமென்றால் வாடிக்கையாளர் போல இன்பாக்ஸில் கேட்டு வாங்கிக்கொள்வார். நீங்கள் மறைத்ததால் தெரியாமல் போனது வாங்க வந்தவருக்குத்தான்.

ஏற்கெனவே வாங்கியவர்களிடம், எழுதிப் பாதி நிரம்பிய நோட்டின் படம் ஒன்று கேட்டுப் பாருங்கள். புது நோட்டின் படத்தைவிட அது நன்றாக விற்றுக் கொடுக்கும். எழுத்து தெரிகிற படமாக இருந்தால், பொதுவில் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். பாதிப் பேர் அதில் டைரிதான் எழுதுவார்கள்.