ஆபரேஷன் முடிஞ்ச முதல் ராத்திரி எதைக் கவனிக்கணும்?

கேள்வி: அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு மாத்திட்டாங்க. மூக்கில் ஆக்சிஜன், விரல் கிளிப்பில் ரத்த ஆக்சிஜன் அளவு 98. இது போதுமா? துணைக்கு நான்தான்.

பதில் (சர்ஜரி வார்டு நர்ஸ்): 98-ஐ மட்டும் நம்பாதீங்க. ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு மந்தமானாலும் அந்த எண் இறங்க நேரமாகும். மூச்சை மந்தமாக்குற மார்ஃபின் மாதிரி வலி மருந்து போகுதுன்னா, நெஞ்சு ஏறி இறங்குறதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. 12 முதல் 20 சரி. குறைஞ்சா சொல்லுங்க, 8 இல்லை அதுக்கும் கீழேன்னாலோ, தட்டி எழுப்பியும் கண் சொருகினாலோ உடனே கூப்பிடுங்க. வார்டுகளில் பல நேரம் எண்ணாமலே எழுதப்படுறதும் இந்த மூச்சுக் கணக்குதான். மனசு ஆறலை எனக்கு.

பதில்: சிறுநீர்க் குழாயில் மாட்டியிருக்கிற பையையும் பாருங்க. 60 கிலோ எடைன்னா மணிக்குச் சுமார் 30 மில்லியாவது வரணும்.

கேட்டவர்: எண்ணினேன், 14. கூப்பிட்டா பேசுறாங்க. பையை இப்பவே நர்ஸ்கிட்ட கேட்கிறேன்.