இன்னும் மனதை உறுத்தும் ஒரு ஓட்டம்

மாடல் ரயில் போடுகிற நாம், முடிந்த லேஅவுட்டின் (ரயில் பாதை அமைப்பின்) படத்தைத்தான் எல்லாரும் போடுகிறோம், நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. நான் ஆரம்பிக்கிறேன். எச்.ஓ. ஸ்கேல் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), மின்சாரம் இரண்டு தண்டவாளம் வழியாக, ஓட்டுவது டி.சி.சி.யில் (தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை போகும் முறை). ஒரு மூலையில் ரயில் சுற்றித் திரும்பி, வந்த பாதையிலேயே சேர்கிற மாதிரி லூப். கடைசித் துண்டைச் சொருகியதும் கன்ட்ரோலர் அணைந்தது, என்ஜினை இன்னும் மேலே வைக்கக்கூட இல்லை. ஒவ்வொரு வயராகக் கழற்றினேன், பாதை பிரியும் இடத்திலுள்ள பாயின்டை மாற்றினேன், எதிலும் குறை இல்லை. கடைசியில் ஒரு தாளில் இடது தண்டவாளத்தைச் சிவப்பிலும் வலதை நீலத்திலும் வரைந்துகொண்டே போனேன். லூப்பைச் சுற்றி வந்த சிவப்புக் கோடு நேராக நீலக் கோட்டில் போய் முட்டியது. அந்தப் பென்சில் நின்ற இடம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. வயர் எல்லாம் சரி, பாதையின் வடிவமே ஷார்ட். லூப்பின் இரண்டு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, பிளாஸ்டிக் இணைப்பு போட்டு, நடுப்பகுதிக்கு ஆட்டோ ரிவர்சர் (ஷார்ட் ஆனதும் துருவத்தைத் தானே மாற்றும் கருவி) கொடுத்தேன். முடிந்தது.

*

முடிந்தது என்று எழுதாதீர்கள், படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். இரண்டு வெட்டுகளுக்கும் நடுவிலுள்ள பகுதி உங்களுடைய மிக நீளமான ரயிலை விட நீளமாக இருக்க வேண்டும், அதைச் சொல்லவே இல்லையே. என் லூப்பில் பிளாஸ்டிக் சக்கரம் போட்ட சரக்குப் பெட்டிகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடின. உலோகச் சக்கரமும் உள்ளே விளக்கும் உள்ள பயணிகள் பெட்டிகளைக் கோத்து ஓட்டியபோது, என்ஜின் ஒரு வெட்டைத் தாண்டும் அதே நேரம் கடைசிப் பெட்டியின் சக்கரம் அடுத்த வெட்டின் மேல் இருந்தது. ரிவர்சர் டக் டக் டக் என்று அடித்துக்கொள்ள, எல்லா ஜன்னல்களும் ஒன்றாக மினுக்கி ஒன்றாக அணைந்தன. ஒரு முனைக்குச் சரி செய்தால் மறு முனை ஷார்ட், அது பாவம் என்ன செய்யும்!

*

லூப் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். நீளமான பெட்டி ஒன்று எஸ் வளைவில் தடம் புரண்டதை நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். முன் பெட்டியின் முனை இடப்பக்கம் வெளியே நீள, பின் பெட்டியின் முனை வலப்பக்கம் நீள, நடுவில் பெட்டிகளைக் கோக்கும் கப்ளர் இழுபட்டு ஒரு சக்கரம் மெதுவாக மேலே ஏறியது. வேகமே இல்லை. அதனால் புதிதாகப் போடுகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவில் குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்ப்பாதை விடுங்கள். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. 26.4 மீட்டர் பெட்டி எச்.ஓ.வில் 30 செ.மீ. வரும், அப்படியானால் ஆரம் 90 செ.மீ. ஒரு பாதையை இன்னொன்றின் மேல் கொண்டுபோக 7.5 செ.மீ. உயரம் வைத்தால், 2 சதவீத ஏற்றத்தில் அதற்கே 3.75 மீட்டர் ஓட வேண்டும், ஏற்றம் தொடங்கும் இடத்தில் சட்டென்று மடக்கவும் கூடாது. கை எட்டாத இடத்தில் பாயின்ட் வைக்காதீர்கள், தடம் புரள்வது பெரும்பாலும் பாயின்டில்தான். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் வயரை ஒவ்வொரு துண்டுக்கும் கொடுங்கள், இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரத்தை விடாதீர்கள்.

*

90 செ.மீ. ஆரம் வைத்துத் திருப்பி வர கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் அகலம் வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது? குட்டையான பெட்டிகளை ஓட்டலாம், இல்லையென்றால் இன்னும் சிறிய, 1:160 அளவுள்ள 'N' ஸ்கேலுக்குப் போகலாம். ஆளை பயமுறுத்தி விரட்டாதீர்கள்.

*

என்னுடையது சின்ன விஷயம்தான். அப்பாவின் பழைய என்ஜின் பல காலமாகப் பெட்டியிலேயே கிடந்தது. கியரில் கிரீஸ் மெழுகு போல இறுகியிருந்தது, சுத்தம் செய்து புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். முதலில் முனகியது, அப்புறம் ஓடியது. ஓடிய உடனே சூடான எண்ணெயும் மோட்டார் பொறியும் கலந்த அந்த வாசனை வந்தது பாருங்கள், அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் என் பாதை முழுக்கக் கோடு (code) 75, அதாவது தண்டவாளத்தின் உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 75 பங்கு. பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழம், கட்டைகளின் பிடிகளில் இடித்துத் தடதடவென்று போகிறது. அதற்காக மட்டும் கோடு 100இல் ஒரு சுற்று போடலாமா என்று யோசிக்கிறேன், லேஅவுட்டின் அழகு கெடுமோ என்றும் இருக்கிறது.

*

போடுங்கள், தயங்காதீர்கள். கோடு 100 என்றால் தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம், நிஜ அளவில் 22 செ.மீ. ஆகிறது, உண்மையான கனரகத் தண்டவாளமே 17, 19 செ.மீ.தான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். பக்கவாட்டில் துரு நிறம் அடித்து, ஜல்லியைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டால் பாதி வித்தியாசம் கண்ணில் படாது. ஒன்று மட்டும்: டீகோடர் (டி.சி.சி. கட்டளையைப் படிக்கும் சில்லு) இல்லாத அந்த மோட்டாரை டி.சி.சி. பாதையில் வைத்தே விடாதீர்கள், நின்றுகொண்டே ரீங்கரித்துச் சூடாகிக் கருகிவிடும். அந்தச் சுற்றை மற்ற பாதையோடு எங்கேயும் இணைக்காமல், தனியாக ஒரு டி.சி. (சாதாரண நேர்மின்சார) கன்ட்ரோலர் கொடுங்கள்.