மனநிலைக்காகக் காத்திருப்பதா, நாள்தோறும் அமர்வதா?

கரிக்கோல்:
எழுத்தையோ ஓவியத்தையோ தம் வாழ்வின் முதன்மையான பணியாகக் கருதுபவர்களில் பலர், "மனம் ஒட்டவில்லை" என்று சொல்லி மாதக்கணக்கில் அதைத் தொடாமலே இருந்துவிடுகிறார்கள். சம்பளம் தரும் வேலைக்கு மனம் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் நேரத்துக்குப் போய்விடும் நாம், உயிராக நினைக்கும் பணிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகையை அளிக்கிறோம்? ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப், அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே, அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினார். அவர் எழுதி முடித்த நாவல்கள் 47. நாள்தோறும் குறித்த நேரத்தில் அமராதவர் தம் கலையை இன்னும் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

நீலவானம்:
இதை என்னால் ஏற்க இயலவில்லை. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே 1912இல் துயினோ கோட்டையில் தொடங்கிய இரங்கற்பாக்கள், போரையும் நீண்ட மௌனத்தையும் கடந்து 1922 பிப்ரவரியில்தான் நிறைவு பெற்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நாள்தோறும் சொற்களை எண்ணி எழுதியிருந்தால், பக்கங்கள் சேர்ந்திருக்கலாம். அந்தக் கவிதைகள் கிடைத்திருக்குமா? கடிகாரத்துக்கு எழுதுபவரின் கை பழகிவிடுகிறது, ஆனால் மனம் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

கரிக்கோல்:
ரில்கே வெறுமனே காத்திருந்தவர் அல்லர். சிற்பி ரோடானிடம் 1905-06இல் செயலாளராக இருந்து, ஓயாத உழைப்பு என்றால் என்ன என்பதை அருகிலிருந்து கண்டவர் அவர். அந்த இடைக்காலத்திலும் மொழிபெயர்ப்புகளும் கடிதங்களும் அவர் கையைவிட்டு நீங்கவில்லை. டிரோலப்பையும் நாம் எந்திரமாக்கிவிடக் கூடாது. அவர் ஒவ்வொரு காலையும் முதல் அரை மணி நேரத்தை முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கும், சொற்களின் ஓசையைக் காதால் எடைபோடுவதற்கும் ஒதுக்கினார் என்பது அவரே எழுதி வைத்த செய்தி.

மடிப்பலகை:
நீங்கள் இருவருமே, நேரம் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கைக்குழந்தையுடனும் முழுநேர வேலையுடனும் இருப்பவளுக்கு "குறித்த நேரம்" என்ற ஒன்றே கிடையாது, அதனால் எனக்குக் கலையில் அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது அநியாயம். நான் கடிகாரத்தைப் பிடிக்காமல் ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொண்டேன்: குழந்தை உறங்கியதும், கைபேசியைத் தொடுவதற்கு முன் குறிப்பேட்டைத் திறப்பேன். முந்தைய இரவு வேண்டுமென்றே பாதியில் நிறுத்திய வாக்கியம் அங்கே இருக்கும். அதை முடிப்பது மட்டுமே அன்றைய கடமை. பெரும்பாலான இரவுகளில் அது ஒரு பக்கமாக வளர்ந்துவிடுகிறது. வெற்றுத் தாளைத் திறக்கும் நாள்களில்தான் நான் எழாமல் படுத்துவிடுகிறேன்.

நீலவானம்:
சகோதரி சொல்லும் முறையை மனமார ஏற்கிறேன், ஏனெனில் அதில் எண்ணிக்கை இல்லை. என் மறுப்பு அமர்வதற்கு எதிரானது அன்று. இசை பயில்பவர், நன்றாக வரும் பாடலை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு, அதைச் சாதகம் என்று கணக்கில் எழுதிக்கொள்ள முடியும். விரல் தடுக்கும் அந்தச் சிறு இடத்தில் நின்று, வேகத்தைக் குறைத்து, சரியாக வரும்வரை அதை மட்டும் வாசித்தவர் அரை மணியில் எழுந்தாலும் அவரே உழைத்தவர்.

கரிக்கோல்:
விரல் எங்கே தடுக்கிறது என்பது அமர்ந்தவருக்குத்தானே தெரியும்? இருப்பினும், எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக்கக் கூடாது என்பதில் தங்களுடன் உடன்படுகிறேன். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அது தேவை என்பதில் உடன்படவில்லை என்றால், அதைத் தாங்கள் விளக்க வேண்டும்.

மடிப்பலகை:
தொடக்கநிலையினரை முறித்துப் போடுவதே அந்த எண்ணிக்கைதான், ஐயா. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக எழுதிக் கடனைத் தீர்க்க முயல்கிறார்கள், அதுவும் முடியாதபோது முழுவதுமாகக் கைவிடுகிறார்கள். தவறிய நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான சிறு அளவிலேயே தொடர வேண்டும் என்பதையும் தங்கள் விதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தால் நானும் அதன் பக்கம் நிற்பேன்.