தாத்தாவின் ரெட்டைக் குழல்: பழைய துப்பாக்கியைச் சீர்படுத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நிபோங் திபால் பேரன்

யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது பன்றி விரட்ட வாங்கியது, பர்மிங்ஹாம் வேலைப்பாடு, குழல் அளவு 12 போர், சுத்தி உள்ளே மறைந்திருக்கும் வகை. அவருக்குப் பிறகு அப்பா பெயரில் பெர்மிட், அப்பா காலமானதும் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ஒப்படைத்து, அப்புறம் என் பெயருக்கு வாங்கியது வரைக்கும் உங்களுக்கே தெரிந்த அலைச்சல்தான், அதை விடுங்கள்.

கிடைத்த கையோடு லைசென்ஸ் உள்ள கடைக்குக் கொண்டுபோனேன். பட்டறையில் இருந்தவர் வயதான சீனர். முன்கட்டையைக் கழற்றினார், குழலைத் தனியே எடுத்தார், அடியில் உள்ள கொக்கியில் கயிற்றைக் கோர்த்துத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டினார். நல்ல குழல் என்றால் கணீர் என்று ஒலித்து ஓசை கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எங்களுடையது 'டொக்' என்றது. கொஞ்சம் கீழே தட்டினார், மறுபடியும் 'டொக்'. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கயிற்றை என் கையில் கொடுத்து, நீயே தட்டிப் பார் என்றார் மலாயில். தட்டினேன். ராத்திரி படுத்தால் அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது.

இத்தனைக்கும் குழல் பளபளவென்று கறுப்பாக இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் புதுசு மாதிரி வைத்திருக்கிறீர்களே என்பார்கள். அந்தப் பளபளப்புதான் வினையே. அப்பா காலத்தில் ஏதோ ஒரு கடையில் கொடுத்து, கார உப்பில் கொதிக்க வைத்துக் கறுப்பேற்றியிருக்கிறார்கள். ஒற்றைக் குழலுக்கு அது சரி. பழைய ரெட்டைக் குழலில், இரண்டு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டையை ஈயம் வைத்துத்தான் பற்றவைத்திருப்பார்கள், கொதிக்கிற காரம் அந்த ஈயத்தைத் தின்றுவிடும், மிச்ச உப்பு பட்டைக்கு அடியில் தங்கி உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். பெரியவர் ஒரு மெல்லிய தகட்டைப் பட்டையின் ஓரத்தில் விட்டு நெம்பினார், வெள்ளைப் பொருக்கும் செந்துருவும் கலந்து துணியில் கொட்டியது. பட்டையைப் பெயர்த்துத் திரும்ப ஒட்ட வேண்டும், குழல் எவ்வளவு அரித்திருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும் என்கிறார். இப்படிப் பிரித்துச் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

செந்தூல் அக்கா

தம்பி, பட்டை வேலை எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா வருஷம் தவறாமல் ஆயுத பூசைக்குத் துப்பாக்கியைப் பாராங் கத்தி, மண்வெட்டி, அம்மாவின் தையல் மிஷினோடு வரிசையில் வைத்து சந்தனம், குங்குமம் இடுவார். விசைக்கு மேலே இருக்கிற இரும்பில்தான் பொட்டு, எப்போதும் அதே இடம். அப்பா போன பிறகு என் தம்பி பெயரில் பெர்மிட் கிடைத்து, பட்டறைக்குக் கொண்டுபோனோம். ரிப்பேர்காரர் அடித்தகட்டைத் திறந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். திருகாணிப் பள்ளத்திலிருந்து சிவப்பாகத் தூள் உதிர்ந்தது. துரு என்று நினைத்துக் கம்பி பிரஷ்ஷை எடுத்தார். இருங்கள் என்று சொல்லி விரலில் தொட்டு முகர்ந்தேன். குங்குமம். எத்தனை வருஷத்துப் பூசையோ, உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அங்கேயே அழுதுவிட்டேன், அந்த மனுஷனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஈரச் சந்தனம் பட்டுப் பட்டு அந்த இடத்தில் மட்டும் இரும்பு வட்டமாகக் குழி விழுந்திருந்தது. தேய்த்து மட்டமாக்கவா என்று கேட்டார். தம்பி சரி என்றான், நான் கூடாது என்றேன். குழி அப்படியே இருக்கிறது, எண்ணெய் தடவி வைக்கிறோம். பூசைக்குப் பொட்டு இப்போது கட்டையில், இரும்பில் இல்லை.

பத்துமலை அடிவாரம்

அக்கா செய்ததுதான் சரி. தேய்த்தால் குழி மட்டும் போகாது, பக்கத்தில் உள்ள பூவேலையும் எழுத்தும் சேர்ந்து போகும். என் பங்காளி ஒருவர் அப்படித் தேய்த்துத் தேய்த்து வரிசை எண்ணே மங்கிவிட்டது. பெர்மிட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் போலீசில் என்ன பதில் சொல்வது?

எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் வீட்டுத் துப்பாக்கி இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்தது என்று சொல்லித்தான் வளர்ந்தோம். பெரியப்பா பெயரில் இருக்கிறது. எண்ணெய் போட அவர் பிரித்து வைத்தபோது குழலின் அடியில், தட்டையான இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன், '3 டன்' என்று முத்திரை. இங்கிலாந்தில் துப்பாக்கியைச் சோதித்து முத்திரையாக அழுத்தத்தை டன் கணக்கில் குத்துவது 1954 விதிக்குப் பிறகு வந்தது. சண்டைக்கு முந்திய துப்பாக்கி என்றால் தோட்டாவில் உள்ள ஈயக்குண்டுகளின் எடை அவுன்ஸில் இருந்திருக்கும், அது 1925 விதி. இதைச் சொன்னேன். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை, கையிலிருந்த எண்ணெய்த் துணியை அந்த முத்திரை மேல் போட்டு மூடிவிட்டு, துரை கொடுத்ததுதான் என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

பிறை மெக்கானிக்

பத்துமலைத் தம்பி, அவசரப்பட்டுப் பெரியப்பாவை மடக்காதீர்கள். பழைய துப்பாக்கியை இங்கிலாந்துக்கு அனுப்பி வேலை பார்த்தால் திரும்பச் சோதித்து அன்றைய முத்திரையைக் குத்துவார்கள். 1954க்குப் பிறகு அப்படிப் போய் வந்திருந்தால் '3 டன்' இருக்கத்தான் செய்யும்.

என் கதை சின்னது. மாமாவின் துப்பாக்கி, தோட்டா வழுக்கிக்கொண்டு குழலின் பின்பக்க அறைக்குள் போனது, எல்லாம் சரி என்று நினைத்தோம். கடைக்காரர் அளவுகோலை விட்டார், அது பாதியில் நின்றுவிட்டது. அறை 65 மில்லிமீட்டர், தோட்டா 70.

இதைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதில்தான் ஆபத்து. தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத 70 மி.மீ. தோட்டா மடிந்த வாயோடு 65 மி.மீ. அறைக்குள் ஒழுங்காக உட்காரும், வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகுகிற இடத்தில் போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் இரண்டரை அங்குல அறைதான், அதாவது இந்த 65. அதனால் உள்ளே போகிறது என்பதை அத்தாட்சியாக எடுக்காதீர்கள். குழலில் அலையலையாகக் கோடு ஓடினால் அது டமாஸ்கஸ், இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றியது, அதில் கருமருந்துக்கு மட்டும் சோதித்தவையும் உண்டு, நைட்ரோ என்கிற புகையில்லா மருந்துக்குச் சோதித்தவையும் உண்டு. முத்திரை பார்க்காமல், சுவர்க் கனம் அளக்காமல் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

அடுத்தது கட்டை. தலைப்பக்கம் கறுத்திருந்தால் அது வருஷக்கணக்காக இறங்கிய எண்ணெய். சாக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் எண்ணெயை உறிஞ்சி எடுக்கும், போதுமான அளவு வரும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பூச வேண்டும், காற்றோட்டமான இடத்தில், நெருப்புப் பக்கத்தில் வேண்டாம். அமுங்கிய பள்ளத்துக்கு ஈரத்துணி போட்டு மேலே சூடான இஸ்திரிப் பெட்டி வைத்தால் மரம் எழும்பும், உப்புத்தாள் தேவையில்லை. வார்னிஷ் அடிக்காதீர்கள், வால்நட் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக, கையால். பழைய தோல் பெட்டி அழகாக இருக்கிறதென்று அதில் வைக்காதீர்கள், நம் ஊர் புழுக்கத்துக்குத் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவேற்றும். திருகாணிக்கு இரும்புக்கடைத் திருப்புளி கூடாது, இந்தத் துப்பாக்கிகளின் பள்ளம் மெல்லியது, அதற்கென்று தீட்டிய திருப்புளியோடு லைசென்ஸ் உள்ளவர்தான் தொட வேண்டும்.

ஆயர் ஈத்தாம்

மெக்கானிக் அண்ணே, நல்ல விஷயம்தான், ஆனால் அந்தத் தம்பி கேட்டது பட்டையைப் பற்றி.

தம்பி, நாங்கள் பிரித்துச் சேர்த்தோம். பயப்படாதீர்கள், முடியும். எதை வைத்து ஒட்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஈயம் பிடிக்கத் தடவுகிற பிளக்ஸில் ஆசிட் வகை வேண்டாம், ரோசின் என்கிற மரப்பிசின் போட்டு ஒட்டச் சொல்லுங்கள், ஆசிட் மிச்சம் உள்ளே தங்கினால் திரும்ப அதே வியாதிதான். பட்டையை எடுத்ததும் குழலின் கனத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள், மெல்லிசாகியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், மேற்கொண்டு காசைக் கொட்ட வேண்டியதில்லை.

கறுப்பேற்றுவதற்கு உங்கள் சீனப் பெரியவர் என்ன சொன்னாரோ தெரியவில்லை, துருவேற்றும் முறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லுங்கள். எங்களுக்கு அதைச் செய்தவர் என்னைப் பார்க்கவிட்டார். மருந்து தடவி விட்டிருந்த குழல் முழுக்கப் பூனைமயிர் போல் செந்துரு படர்ந்திருந்தது, பார்க்கவே வயிற்றைக் கலக்கியது, இவ்வளவு செலவு செய்து துருப்பிடிக்க வைக்கிறாரே என்று. நீளமான தகரத் தொட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே இறக்கினார். என் கண் முன்னால் அந்தச் சிவப்பு அப்படியே கறுத்தது. வெளியே எடுத்து மெல்லிய கம்பி பிரஷ்ஷால் துடைக்க, அடியில் சாம்பல் கலந்த கறுப்பு. திரும்பவும் மருந்து, துரு, கொதி, பிரஷ், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. வெறும் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு ஈயம் இளகாது, அரிக்கவும் அரிக்காது. பளபளப்பு வராது, மங்கலாகத்தான் இருக்கும். அதுதான் அந்தத் துப்பாக்கி செய்தபோது இருந்த நிறம்.

பத்துமலை அடிவாரம்

மெக்கானிக் அண்ணே, திரும்பச் சோதித்திருந்தால் பழைய முத்திரையும் பக்கத்திலேயே இருக்க வேண்டுமே? எங்கள் குழலில் அது ஒன்றுதான் இருந்தது.

பிறை மெக்கானிக்

குழலை மட்டும்தானே பார்த்தீர்கள்? புதுக் குழல் போட்டிருந்தால் குழலில் புது முத்திரைதான் இருக்கும். கட்டையோடு இருக்கிற உடல்பகுதியில், குழல் உட்காருகிற தட்டையான இடத்தில் பார்த்தீர்களா? அங்கே பழைய முத்திரை இருந்தால் பெரியப்பா சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

பத்துமலை அடிவாரம்

இல்லை அண்ணே, அங்கே பார்க்கவில்லை. தைப்பூசத்துக்கு எல்லோரும் பெரியப்பா வீட்டில்தான் கூடுவோம், அவரிடமே கேட்டு எடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

நிபோங் திபால் பேரன்

ஆயர் ஈத்தாம் அண்ணே, ரொம்ப நன்றி. பெரியவர் சொன்னதும் துருவேற்றும் முறைதான். பட்டையைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன், கனத்தை அளக்கும்போது நானும் கூட இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன்.