மிசோரம் மலைக் கிராமப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

தென்காசிப்_பெண்:
வணக்கம். பி.எஸ்சி. கணக்கும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன். மிசோரத்தில் சம்பாய் பக்கம் ஒரு மலைக் கிராமம். அங்கே கிறிஸ்தவ சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்க ஆள் கேட்கிறார்கள். தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் இல்லை. மூன்று மாதம் போய்வரலாம் என்று ஆசை. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, அது பிரச்சினையாகுமா? மொழியும் தெரியாது. அம்மா பயப்படுகிறார். போய் இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

நாசரேத்_அக்கா:
தங்கச்சி, அதே மாவட்டத்தில் நான் பதினோரு மாதம் இருந்தேன். மூன்று மாதத்துக்குப் போகாதே. போனால் ஒரு கல்வி ஆண்டு முழுக்க இரு. எனக்கு முன்னால் வந்தவர் பின்னக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டாள். என் பேரைக்கூட இன்னும் கேட்டிருக்கவில்லை.

மதத்தைப் பற்றிப் பயப்படாதே. காலையில் ஜெபமும் பாட்டும் இருக்கும், மரியாதையாக நின்றால் போதும். எங்களோடு அஸ்ஸாமிலிருந்து வந்த இந்து டீச்சர் ஒருவர் இருந்தார், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் போகும் முன்பே பள்ளிக்கூடத்தாரிடம் நீயே சொல்லிவிடு.

நான் தங்கிய வீட்டில் அந்த அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கை அரிசியைத் தனி டப்பாவில் போடுவார். புஹ்ஃபாய் தாம் என்று பேர். சபைப் பெண்கள் அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள், 1910-இலிருந்து நடக்கிறதாம். எங்கள் ஊர்ச் சபையில் எடுக்கிற பிடியரிசியேதான்! அரிசி டப்பாவில் விழுகிற சத்தம் கேட்டதும் எனக்குப் பாட்டி வீட்டு அடுப்படி வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அந்த வீடு எனக்கு அந்நியமாக இல்லாமல் போனது.

மொழிக்கு வருகிறேன். 1894-இல் அங்கே போன லோரைன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில், அமைத்துக்கொடுத்த எழுத்துமுறைதான் இன்றும் இருக்கிறது. அதனால் ஒரு வாரத்தில் வாசித்துவிடலாம், பொருள்தான் புரியாது. சொல்லின் ராகம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். தினம் பத்து வார்த்தையைப் பிள்ளைகளிடமே கேட்டுக் கற்றுக்கொள். உன்னைத் திருத்துவதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓய்வு_வாத்தியார்:
அக்கா சொல்வதை நான் முழுக்க ஏற்கவில்லை. 34 வருடம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், மூன்று மாதத்திலும் உபயோகமாக இருக்கலாம். ஆனால் வகுப்பைத் தனியாகக் கையில் எடுக்காதேம்மா. உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து எடு. நீ கிளம்பிய பிறகும் பாடம் அவர் கையில் இருக்கும்.

நாசரேத்_அக்கா:
சார் சொல்வது சரி, அப்படியானால் மூன்று மாதத்துக்கும் நான் சம்மதம்.

அங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்தான். மூன்றாம் நாள் வெளியே நிறுத்திவிட்டேன். அவன் சட்டை முதுகுப் பக்கம் நனைந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். வீடுகளெல்லாம் மலை முகட்டில். மழைக்காலத்தில் தகரக் கூரையிலிருந்து வழியும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக்கொள்வார்கள். கோடையில் தொட்டி வற்றினால் கீழே ஊற்றுக்கு இறங்க வேண்டும். துய்குர் என்பார்கள். விடியுமுன் வரிசையில் நின்று, கேன்களைக் கூடையில் வைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறி வந்திருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு கோடை முழுவதும் முதல் பீரியடில் புதுப் பாடம் எடுக்கவில்லை, பழைய கணக்கைத்தான் போட வைத்தேன்.

தென்காசிப்_பெண்:
அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஒரு வருடத்துக்கே கேட்டுப் பார்க்கிறேன். பெர்மிட், சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

நாசரேத்_அக்கா:
வெளி மாநிலத்தார் மிசோரத்துக்குள் போக வாங்கும் அனுமதிச் சீட்டுதான் இன்னர் லைன் பெர்மிட், அது கட்டாயம். தற்காலிகப் பெர்மிட் 15 நாளுக்குத்தான். உள்ளூர்க்காரர் பொறுப்பேற்று எடுக்கும் ஆறு மாதப் பெர்மிட்டைப் பள்ளிக்கூடத்தாரையே எடுத்துத் தரச் சொல். தலைநகர் ஐஸ்வாலிலிருந்து பலர் சேர்ந்து போகும் சுமோ வண்டியில் போக வேண்டும், முந்தின நாளே இடம் பதிவு செய்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்று திட்டம் போடாதே, அன்றைக்கு வண்டி ஓடாது.

காலை ஒன்பது மணிக்குள் முழுச் சோறு, சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் மறுபடி சோறு. நடுவில் டீதான். காய்கறியும் கீரையும் வேகவைத்ததாக இருக்கும், மசாலா கிடையாது. பருப்புப் பொடியும் புளியும் கொண்டுபோ. டார்ச்சை மறக்காதே, டிசம்பரில் நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அம்மாவுக்குப் பேச வேண்டும் என்றால் தனிச்செய்தியில் எழுது, நானே கூப்பிட்டுப் பேசுகிறேன்.